இரண்டாவது டிஸ்க்கில் கல்யாணம், முதல் டிஸ்க்கில் காதல்

வீடியோக் கடை என்றால் படம் வாடகைக்கு விடுகிற தொழில் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; உள்ளே உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும், அது நாள் முழுக்க டிஸ்க் துடைக்கிற தொழில். துடைத்துத் துடைத்தே சட்டையின் கீழ்நுனி வெளுத்துப்போனவர்களே, ‘புதுசு எப்ப வரும்’ என்ற கேள்விக்கு எல்லாக் கிழமையிலும் ‘வெள்ளிக்கிழமை’ என்று பதில் சொன்னவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

நான் இருந்தது நெல்லியாளம் பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னக் கடைத்தெருவில். தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. ஃபேக்டரியில் வாரத்தில் பாதி நாள்தான் புகை வரும். லயங்களில் பூட்டிக்கிடக்கிற காம்பராக்கள் மாதாமாதம் கூடிக்கொண்டே போயின. லயம் என்றால் தொழிலாளர் குடியிருப்பு வரிசை, காம்பரா என்றால் அதில் ஒரு வீடு. எங்கள் பெரியவர்கள் இலங்கைத் தோட்டங்களிலிருந்து மூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்த சொற்கள். பூட்டிவிட்டுப் போனவர்களெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருந்தார்கள்.

கடை முதலாளி பெரியசாமி அண்ணன் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். பக்கத்து மளிகைக் கடையும் அவருடையதுதான். ஒருநாள் கோவையிலிருந்து வந்து இறங்கியவர், பையிலிருந்து ஒரு விசிடி பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ‘மாப்பிள்ளை லீவுல இருக்கார்’. தியேட்டரில் வந்துபோன காதல் காமெடி, அப்போதுதான் வீடியோவாக வெளிவந்திருந்தது.

“தம்பி, இந்த ரூமக் கோழிக்கடைக்குக் கேட்டு ஆள் வந்துட்டுப் போயிருக்காருங்க. நானும் எத்தன நாளைக்குத்தான் இழுத்துட்டுப் போறது? ஆயுத பூஜை வரைக்கும் பாக்கலாமுங்க. இந்தப் படம் ஓடுச்சுன்னா கடை இருக்கட்டும். இல்லீன்னா கோழிதானுங்க.”

கோழி வந்தால் நான் திருப்பூர். பெரியம்மா மகன் தன் அறையில் எனக்குப் பாய் விரிக்க இடம் ஒதுக்கிவிட்டதாகச் சொல்லியே அனுப்பிவிட்டான். எனக்கோ மலையை விட்டு இறங்க மனசில்லை. ஆக, என் பிழைப்பு ஒரு மாப்பிள்ளையின் கையில் இருந்தது. அந்த மாப்பிள்ளையோ படத்தின் முதல் காட்சியிலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிப்போகிறவன்.

அவன் ஏன் ஓடுறான்?

படத்தின் பெயரைச் சொல்லிப் படம் கேட்ட வாடிக்கையாளரை நான் கண்டதில்லை. ‘மழையில பாட்டு வருமே’ என்பார்கள். எந்தப் படத்தில் மழையில் பாட்டு வரவில்லை? அதனால் போஸ்டரைக் கடை வாசலிலேயே ஒட்டினேன். கழுத்தில் மாலை, கையில் செருப்பு, பின்னால் ஒரு நிச்சயதார்த்த வீடே துரத்த, மாப்பிள்ளை ஓடிக்கொண்டிருப்பான். அன்று சாயங்காலத்துக்குள் ‘செருப்பக் கையில வச்சிருக்கிறவன் படம்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அச்சடித்த பெயரை அப்புறம் நானே மறந்துபோனேன்.

முதலில் வந்து நின்றவர் கதிரேசன் மாமா. இலங்கையில் பிறந்து, சின்ன வயசில் கப்பலேறி வந்து, இங்கே தோட்டத்திலேயே ரிட்டயர் ஆனவர். தலைமேல் கம்பளியைப் போட்டுக்கொண்டு, சாரலில் நின்றபடியே போஸ்டரை வெகுநேரம் பார்த்தார். முதல் வாடகை வருகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். டிஸ்க்கை எடுத்துத் துடைக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

“இவன் எங்க ஓடுறான்?” என்றார். டவுனுக்கு ஓடுகிறான் மாமா, அங்கே போய் ஒரு வேலை தேடிக்கொள்கிறான் என்றேன். மாமா தலையை ஆட்டினார். “அவன் மேல தப்பே இல்ல தம்பி. எந்தத் தோட்டத்தப் பூட்டிட்டாங்களாம்?”

சிரிப்பு இல்லாத டிஸ்க்

எங்கள் முதலாளிக்கு ஒரு கொள்கை உண்டு. ஒரிஜினல் டிஸ்க் மட்டும்தான் வைப்பார். ஆனால் இந்தப் படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோதே பஸ் ஸ்டாண்டில் திருட்டு டிஸ்க் வந்துவிட்டது. யாரோ மடியில் கேமராவை வைத்துக்கொண்டு எடுத்தது. நல்ல கட்டத்தில் ஒரு தலை எழுந்து போகும். கதாநாயகி கண்ணீர் விடும்போது அவள் கன்னத்துக்குக் குறுக்கே ஒருத்தர் முறுக்குப் பொட்டலத்தோடு தன் சீட்டைத் தேடுவார்.

கொழுந்து லாரி ஓட்டுகிற ஜோசப் அண்ணன் அந்தத் திருட்டு டிஸ்க்கைப் பார்த்துவிட்டிருந்தார். “அண்ணே, அதெல்லாம் படமே இல்ல. ஒரிஜினலப் பாருங்க” என்று நயமாகப் பேசி அவர் கையில் திணித்தேன். மறுநாள் காலையில் துக்க வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி வந்து டிஸ்க்கை வைத்தார். படம் தெளிவா இருந்துச்சா என்றேன். கண்ணாடி மாதிரி என்றார். சத்தம்? மணி மாதிரி என்றார். அப்புறம் என்னண்ணே குறை?

“அந்த டிஸ்க்குல தியேட்டர்ல இருக்குற சனங்க சிரிப்பாங்க, நாங்களும் கூடச் சேர்ந்து சிரிச்சிருவோம். இதுல மொத்தப் படத்துக்கும் நாங்களே சிரிக்க வேண்டியிருக்கேப்பா!”

இடைவேளை வரைக்கும்

எனக்குச் சத்தமாகப் பேச வராது. ‘வாங்க வாங்க, புதுப்படம்’ என்று தெருவைப் பார்த்துக் கூவச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் கதை சொல்ல வரும். டிவி இல்லாத வீட்டில் தாத்தா வாயைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவன். எதிரில் இருக்கிறவர் ‘ம்’ கொட்டினால் போதும், கதை தானாக நடக்க ஆரம்பித்துவிடும்.

ஃபேக்டரி ஆபீஸ் கிளார்க் நடராஜன் சார் ஒரு மழைநாளில் கடைக்குள் ஒதுங்கி, “என்ன கதைங்க தம்பி இது?” என்று கேட்டார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். பொண்ணு போட்டோவைக்கூடப் பார்க்காமல் மாப்பிள்ளை நிச்சயதார்த்தத்திலிருந்து ஓடுகிறான். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் சீட்டுக்காக ஒரு பெண்ணோடு பெரிய சண்டை. கையில் காசில்லாமல் ஒரு பெரிய வீட்டில் சமையல்காரனாகச் சேருகிறான். பார்த்தால் அது ஜன்னல் சீட்டுக்காரியின் வீடு. ரசத்தில் உப்பு போதவில்லை என்று ஆரம்பித்த சண்டை, மெல்ல மெல்லக் காதலாகிறது. ஒருநாள் அலமாரியில் தன்னுடைய நிச்சயப் பத்திரிகையையே பார்க்கிறான். எந்தப் பெண் வேண்டாம் என்று ஓடிவந்தானோ, அவளேதான் இவள். கரண்டியோடு அப்படியே சிலையாக நிற்கிறான். இடைவேளை.

அங்கே நிறுத்தினேன். இதற்குமேல் எந்த மனுஷனும் டிஸ்க்கை வாங்காமல் போக முடியாது என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை. நடராஜன் சார் எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. குடையை விரித்தார்.

“அருமையாச் சொல்றீங்க தம்பி. மீதிய நாளைக்கு ஆபீஸ் உட்டு வந்து கேட்டுக்கறனுங்க. எங்கூட்டுக்காரியவும் கூட்டிட்டு வந்தர்றேன், கொஞ்சம் மொதல்ல இருந்து சொல்லீருங்க.”

ஒரு லயம், ஒரு டிவி

எங்கள் தோட்டத்தில் மேட்டில் ஒரு லயம், ஓடையோரம் ஒரு லயம். மேல் லயம், கீழ் லயம். டிவியும் விசிடி பிளேயரும் இரண்டு லயத்திலும் ஏழெட்டு வீட்டில் உண்டு. திருப்பூருக்குப் போன பிள்ளைகள் தீபாவளிக்குத் தீபாவளி கொண்டுவந்து இறக்கியவை. ஆனால் வாடகைக்குப் படம் எடுப்பது லயத்துக்கு ஒரே ஒரு வீடுதான். அந்த வீட்டுக்கு மொத்த லயமும் சாக்கும் பலகையும் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடும். டிவி வைத்திருப்பவர்களும் தங்கள் டிவியை வீட்டில் பூட்டிவிட்டு இங்கேதான் வருவார்கள். நாற்பது பேர் பார்த்தாலும் எனக்கு ஒரு வாடகை.

இந்தப் படத்தையாவது காப்பாற்ற வேண்டுமே என்று கீழ் லயத்து மாரியாயி அக்காவைப் போய்ப் பார்த்தேன். அந்த லயத்தில் படம் என்றால் அவர் வீடுதான். கடை நிலவரம், கோழி நிலவரம், திருப்பூர் நிலவரம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா உச்சுக்கொட்டிக் கேட்டார். பிளேன் டீ கொடுத்தார். “அதனால அக்கா, இந்த ஒரு தடவ மத்த வீட்டு ஆளுங்கள அவங்கவங்க வீட்லயே போட்டுப் பாக்கச் சொல்லுங்களேன்” என்று முடித்தேன்.

“நான் எப்படித் தம்பி வாசல்ல நின்னு போன்னு சொல்றது? நாளைக்குக் கொழுந்தெடுக்கப் போனா எம்பக்கத்து நிரையில ஒருத்தி நிக்க மாட்டா. நீ வேணும்னா வந்து வெரட்டு. வெரட்டிட்டு அப்படியே திருப்பூர் பஸ்ஸ ஏறிரு.”

அளக்க வந்தவர்

அடுத்த வாரம் கோழிக்காரரே வந்துவிட்டார். மொய்து காக்கா, மலையாளம் பேசுகிற கூடலூர்க்காரர்; அவர்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். நல்ல மனுஷர், அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் மனசுக்குள் திட்டவாவது செய்யலாம். டேப் எதுவும் கொண்டுவரவில்லை. கையை நீட்டி முழம் போட்டார். நான் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டி “இங்க வெட்டுற கட்டை” என்றார். காதல் படங்கள் அடுக்கிய ஷெல்ஃபைக் காட்டி “இங்க கூண்டு” என்றார். பக்திப் படங்கள் இருந்த பக்கம் திரும்பியவர், கொஞ்சம் யோசித்து, “அது அங்கேயே இருக்கட்டும்” என்றார்.

போகும்போது போஸ்டரில் கண் நின்றது. பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடை மூடுறதுக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுகிறேனே என்று வாங்கிக்கொண்டு போனார். இவர் மனசு மாறினால்கூடப் போதுமே என்று நானும் கைகூப்பாத குறையாகக் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தார், துடைத்துத் தந்தார். அந்த வருஷம் டிஸ்க்கைத் துடைத்துத் தந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

“படம் அடிபொளி மோனே! நானும் எம் பீவியும் சிரிச்சுச் சிரிச்சு மரிச்சுப் போயி, கேட்டோ. ஆனா ஞாயித்துக்கெழம சோத்துக்குத் தொட்டுக்க அத வச்சுக்க முடியாதல்லோ?”

கையில் இருந்ததைப் போட்டார்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியாயி அக்கா கீழ் லயத்துக்குப் படம் கேட்டு வந்து நின்றார். பின்னாலேயே மேல் லயத்துக் காமாட்சி அக்கா, அதே படம் கேட்டு. கடையில் இருந்தது ஒரே ஒரு செட். ஒருவரை அனுப்பினால் இன்னொருவர் இனிமேல் கடைப்பக்கமே வரமாட்டார்.

தொழில் தெரிந்தவர்களே, நீங்கள் என்ன செய்திருப்பீர்களோ அதையே செய்தேன். படம் இரண்டு டிஸ்க். முதல் டிஸ்க் மேல் லயத்துக்கு. அது முடிந்ததும் நான் போய் வாங்கி, கீழ் லயத்துக்குக் கொண்டுபோவது. இரண்டாவதை மேலே ஏற்றிவிடுவது. கணக்கு சரிதான். ஆனால் மாரியாயி அக்கா வெறுங்கையோடு போக மாட்டேன் என்றார். “லயமே பாத்துக்கிட்டிருக்கு. மேல் லயத்துக்காரிக்குக் குடுத்துட்டு எனக்கு இல்லன்னுட்டான்னு போய் சொல்லவா?” சரி, ஒரு கௌரவத்துக்கு இருக்கட்டும் என்று இரண்டாவது டிஸ்க்கை அவர் கையில் கொடுத்தேன். “வச்சு மட்டும் இருங்கக்கா. முதல் டிஸ்க்கோட நான் வர்றேன்.”

மேலே முதல் டிஸ்க் முடிந்ததும் அதை வாங்கிக்கொண்டு, ஓடைப் பாதையில் வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கினேன். பாதி வழியிலேயே நாதஸ்வரம் கேட்டது. யார் வீட்டில் விசேஷம் என்று யோசித்துக்கொண்டே போனால், சத்தம் மாரியாயி அக்கா காம்பராவுக்குள்ளிருந்து வருகிறது. டிவியில் மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டிருக்கிறான். வாசல் வரைக்கும் கூட்டம். “ஆளுங்க வந்து ஒக்காந்துட்டாங்க தம்பி. வந்தவங்கள வெறும் டிவியப் பாக்க வைக்கிறது மரியாதையா? கையில இருந்ததப் போட்டுட்டோம்” என்றார் அக்கா. முதல் டிஸ்க்கைக் கொடுத்து, இரண்டாவதை வாங்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினேன்.

சாயங்காலம் முதல் டிஸ்க்கைத் திரும்ப வாங்கக் கீழே இறங்கினேன். படத்தையே கெடுத்துவிட்டேன், இனி கீழ் லயத்தில் யாரும் இதைத் தொடமாட்டார்கள், திருப்பூர் பஸ்தான் என்று நினைத்துக்கொண்டே போனேன். அக்கா முகம் பூரித்துப்போயிருந்தது.

“இப்படி ஒரு படம் நாங்க பாத்ததே இல்ல தம்பி. மொதல்ல கல்யாணம் ஆயிருது. அப்புறம் அவன் ஊட்ட விட்டு ஓடிர்றான். பஸ் ஸ்டாண்டுல பொண்டாட்டியும் புருஷனும் யாரோ எவரோ மாதிரி சண்ட போட்டுக்கறாங்க. அப்புறம் திரும்பி வந்து சமைச்சுப் போடறான், மெதுமெதுவாப் பழகறாங்க. கடைசியில கரண்டியோட நின்னு யோசிக்கிறான் பாரு, அப்பதான் அவனுக்கே புரியுது இவதான் நம்ம பொண்டாட்டின்னு. அச்சு அசலா எங்க ஊட்டுக் கதை தம்பி, சமைச்சுப் போட்டது ஒண்ணுதான் நடக்கல!”

கொழுந்துக் காட்டில் பஞ்சாயத்து

மறுநாள் கொழுந்தெடுக்கும் இடத்தில் இரண்டு லயத்துப் பெண்களும் சேர்ந்து நின்றார்கள். காமாட்சி அக்கா சும்மா பேச்சுக்கு, “பொய் சொல்லி ஒரு பொண்ண மயக்கிட்டான் பாத்தியா, சமையக்காரன்னு” என்றிருக்கிறார். மாரியாயி அக்காவுக்கு வந்ததே கோபம். “கட்டுன பொண்டாட்டிக்கு ஒருத்தன் ரசம் வச்சுக் குடுத்தா அது மயக்கறதாடி?” “பொண்டாட்டி எப்படி ஆவா? கல்யாணந்தான் கடைசியிலல்ல வருது!” “கல்யாணம் கடைசியில வந்தா அதுக்கு முன்னாடி எவன்டி அவ ஊட்ல ரசம் வைப்பான்?”

இதோடு முடிந்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொருத்தரும் தன் பக்கம்தான் சரி என்று நிரூபிக்கக் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். மேல் லயத்தார், கீழ் லயத்தார் பார்த்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று வந்தார்கள். கீழ் லயத்தார் மேல் லயத்து வரிசையில். ஒரே லயத்துக்குள்ளேயே நாத்தனார் ஒரு கட்சி, அண்ணி ஒரு கட்சி. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே வீட்டில் உட்கார்ந்து பார்ப்பார்களா? பூட்டிவைத்த டிவிகளெல்லாம் திறந்தன. ஒரு லயத்துக்கு ஒரு வாடகை என்ற சட்டம் அன்றோடு செத்தது. யார் வந்தாலும் ‘கல்யாணம் முன்னயா, பின்னயா’ என்று கேட்டு, டிஸ்க்கை அந்த வரிசையில் பெட்டியில் வைத்துக் கொடுப்பது என் வேலையானது. முதலாளி மளிகைக் கடையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார்.

சூப்பர்வைசர் தங்கராஜ் அண்ணன் ஒருநாள் பூட்ஸ் காலோடு கடைக்குள் வந்தார். தோட்டத்தில் அவர் குரலுக்குக் காக்காகூடப் பறந்துவிடும். படத்தைக் கடையில் வைக்கக் கூடாது என்று சொல்லப்போகிறார் என்று நான் பயந்துகொண்டே எழுந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“இருக்கிறதே பாதி நாள் வேல. அதுலயும் பாதி இந்தப் பய கல்யாணத்துக்குப் போயிருது. நான் தீர்ப்பு சொன்னாத்தான் வாய மூடுவாங்களாம். ரெண்டு டிஸ்க்கையும் குடு தம்பி, ரெண்டு விதமாவும் பாத்துட்டு வர்றேன். தப்பாத் தீர்ப்பு சொல்லிட்டா எங்க ஊட்லயே சோறு கெடையாது.”

பழகுகிற டிஸ்க்

மகேஸ்வரி கீழ் லயத்துக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஓவேலிப் பெண். கல்யாணமான சூட்டோடு அவள் புருஷன் திருப்பூருக்குப் போய்விட்டான், இங்கே வேலை இல்லை என்று. இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளக்கூட நாள் இருந்ததா, தெரியாது. மாமியாரோடு கடைத்தெருவுக்கு வருவாள், மளிகை வாங்குவாள், போஸ்டரைப் பார்ப்பாள், போய்விடுவாள்.

அவன் லீவில் வந்திருந்தபோது ஒருநாள் தனியாக வந்தாள். புருஷன் ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் டைம் பார்ப்பதுபோல் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் வழக்கம்போல் “கல்யாணம் முன்னயா, பின்னயாம்மா?” என்றேன். அவள் தலை நிமிரவில்லை.

“கல்யாணம் வேணாங்கண்ணா, அது ஆயிருச்சு. பழகுற டிஸ்க் மட்டும் குடுங்க.”

கொடுத்தேன். அவன் வந்து வாங்கிக்கொண்டு, சட்டைக்குள் வைத்து, சாரல் படாமல் கொண்டுபோனான். லீவு முடிகிற வரைக்கும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு டிஸ்க் படத்தில் ஒரு டிஸ்க் மட்டும் வாடகைக்குக் கேட்டவர்கள் உங்கள் கடையிலும் இருந்திருப்பார்கள். அவர்களிடம் நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஆயுத பூஜை

முதலாளி கெடு வைத்த நாள் வந்தது. ஷட்டருக்கு மாவிலை கட்டி, விசிடி பிளேயருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலைத் தட்டோடு காத்துக்கொண்டிருந்தேன். படம் ஓடியிருந்தது, அது ஊருக்கே தெரியும். ஆனால் முதலாளி என்ன நினைக்கிறார் என்று தெரியாது. ஒரு படம் ஓடிவிட்டால் அடுத்த மாசம் என்ன செய்வது என்று இரண்டு நாளாக முனகிக்கொண்டிருந்தார். திருப்பூரில் பாய் இன்னும் சுருட்டாமல்தான் இருந்தது.

மொய்து காக்கா முதலில் வந்தார், சாவிக்கு. பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, கூண்டு வரும் இடத்தை இன்னொரு தடவை முழம் போட்டுப் பார்த்தார். முதலாளி பூஜைக்குக் கற்பூரம் ஏற்றினார், எல்லோருக்கும் விபூதி கொடுத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, சம்பந்தமே இல்லாமல், “ஏனுங்க தம்பி, அந்த மொதல் டிஸ்க் எங்கீங்க?” என்றார். அது மகேஸ்வரியிடம் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னேன். எப்ப வரும் என்றார். அவள் புருஷன் லீவு முடிந்துதான் என்றேன்.

முதலாளி முகம் வாடிவிட்டது. போன வாரம் என்னிடம் சொல்லாமலே கடையில் இருந்த இரண்டாவது டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ராசாத்தி அக்கா, அவர் சம்சாரம், அதைப் போட்டுப் பார்த்துவிட்டார். பார்த்தவர் மீதியைக் கேட்டிருக்கிறார். காலையில் கேட்டிருக்கிறார், சாயங்காலம் கேட்டிருக்கிறார், சோற்றுத் தட்டை வைக்கும்போது கேட்டிருக்கிறார். மளிகைக்கு வருகிற பெண்களெல்லாம் ‘பழகுற டிஸ்க் பாத்தீங்களாக்கா’ என்று வேறு விசாரித்திருக்கிறார்கள்.

முதலாளி இடுப்பிலிருந்த சாவியைக் கையில் எடுத்தார். மொய்து காக்கா கையை நீட்டினார். முதலாளி சாவியை என் மேஜைமேல் வைத்தார்.

“கோவிச்சுக்காதீங்க காக்கா. வேற ரூமு நானே பாத்துத் தர்றனுங்க. எங்கூட்டுல தாலி கட்டுன வரைக்கும் பாத்தாச்சு, படத்துல அந்த ரெண்டு பேரும் இன்னும் ஒரு வார்த்த சிரிச்சுப் பேசுலீங்க. இப்பப் போயி கடைய மூடுனா, உங்க கோழிய எங்கூட்டுல யாருங்க கொழம்பு வெப்பாங்க?”

தேயிலை விழுந்து கிடந்த அந்த வருஷங்களில் எங்கள் கடைத்தெருவில் விழாமல் நின்ற தொழில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் தலைகீழாக நின்றது.